இடது உருளையின் சத்தம்

என் கணவர் அந்த விளம்பரத்தைக் காட்டியபோது நான் வேலைக்குப் போவதற்காகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். பச்சைச் சட்டம், அதிலிருந்து தொங்கும் இரண்டு தடித்த உருளைகள், அவற்றைச் சுற்றி மழைக்கோட்டுத் துணி போல ஒரு மறைப்பு. டிராக்டருக்குப் பின்னால் பூட்டிப் புல் வெட்டுகிற இயந்திரம். பழையது, ஆனால் நன்றாக ஓடும் என்று எழுதியிருந்தது.

"சனிக்கிழமை போய்ப் பாப்பம். நீயும் வா. நீ பாத்துச் சொன்னாத்தான் நான் வேண்டுவன்" என்றார்.

"ஓம்" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒரு சப்பாத்தின் கயிறு கட்டாமல் கிடப்பதைக் கவனித்தேன்.

அவர் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. ஜேர்மனியின் ஹம் நகருக்கு வெளியே ஒரு பற்சக்கரத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக நான் தரம் பார்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். பூட்டி முடித்த கியர்பெட்டிகள் என் மேசைக்கு வரும். அளப்பேன், சுழற்றுவேன், காது கொடுப்பேன். நல்லதென்றால் பச்சை அட்டை, பிழையென்றால் சிவப்பு அட்டை. இப்போது கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் கருவி ஒன்று சொல்லி மனம் வேறொன்று சொல்கிற பெட்டி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்குரூட்ரைவரின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டால், உள்ளே சுழல்வதைத் தாங்கி நிற்கிற ஒவ்வொரு பெயரிங்கும் தன் நிலைமையைச் சொல்லிவிடும். இருபத்திரண்டு வருடத்தில் என் கணிப்புச் சில தடவை பிழைத்திருக்கிறது. ஆனால் தெரிந்துகொண்டே மாற்றிச் சொன்னதில்லை.

என் கணவர் கம்பி ஆலையில் வேலை செய்தவர். ஆலையை மூடியபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. முதல் சில மாதங்கள் வீட்டு நிலவறையில் இருந்த பெட்டிகளை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக மாற்றி அடுக்கினார். பிறகு ஊர் எல்லையில் பண்ணை வைத்திருந்த ஒரு ஜேர்மன்காரர் ஒரு வாரம் உதவிக்கு வரமுடியுமா என்று கேட்டார். போனவர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் வீடுகளுக்கு இடையே பழ மரங்கள் நிற்கும் புல்வெளிகள் நிறைய உண்டு. அப்பிளும் பேரியும் நெருக்கமாக நிற்பதால் பெரிய இயந்திரங்கள் உள்ளே நுழையா. சொந்தக்காரர்களுக்கோ வயதாகிவிட்டது. அந்த நிலங்களில் புல்லை வெட்டி, வெயிலில் புரட்டிக் காயவைத்து, சிறு கட்டுகளாகக் கட்டிக் குதிரை வளர்ப்பவர்களுக்குக் கொடுப்பதுதான் இப்போது அவருடைய தொழில். வைக்கோல் என்று சொன்னால் அது நெல்லுக்குரியது, இது வேறு. நாங்கள் வீட்டில் ஜேர்மன் சொல்லால் 'ஹோய்' என்றே சொல்வோம்.

பண்ணைக்காரர் விவசாயத்தை விட்டபோது அவருடைய சிறிய டிராக்டரை நாங்கள் வாங்கினோம். புல்வெட்டும் இயந்திரம் வேறு யாருக்கோ போய்விட்டது. அதனால்தான் இந்தத் தேடல்.

ஆனால் இடையில் ஒன்று நடந்திருந்தது. அதற்கு முந்தைய ஜூன் மாதம், கடும் வெயில் நாள். என் கணவர் காய்ந்த புல்லைக் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நான் சாப்பாடு கொண்டுபோனேன். டிராக்டர் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கையில் ஆள் இல்லை. சுற்றிப் பார்த்தேன். பேரி மரத்தடியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். உதடு நீலம். எத்தனை நேரமாகக் கிடந்தார் என்று இன்றுவரை தெரியாது. அம்புலன்ஸ் வந்தது, ஹெலிகொப்டரும் வந்தது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு மறுவாழ்வு நிலையத்தில் சில வாரங்கள். கடைசியாக வைத்தியர் சொன்னது: "வேலை செய்யலாம். அளவோடு."

அளப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த 'அளவோடு' எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் முழுதாகக் குடித்ததில்லை. அவர் குளியலறையில் கொஞ்சம் அதிகம் நின்றால் கதவுக்கு வெளியே நிற்பேன். வேலையில் இடைவேளைக்கு இடைவேளை போன் எடுத்துக் கதைப்பேன். அவர் எடுக்காவிட்டால், எடுக்கும்வரை என் மேசையில் ஒரு பெட்டிக்கும் அட்டை விழாது.

இதை எல்லாம் அவரிடம் சொன்னேனா? இல்லை. "கவனமா இருங்கோ" என்று மட்டும் சொல்வேன். அவரும் "ஓம், ஓம்" என்பார்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை நான் இயந்திரத்தைப் பார்க்கப் போகவில்லை. பிழை பிடிக்கப் போனேன். பழைய இயந்திரத்தில் பிழை இல்லாமல் இருக்காது, அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் போதும், இந்தக் கோடையில் அவர் புல் வெட்டப் போகாமல் தப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சவர்லாண்ட் மலைப்பக்கம் ஒரு மணிநேரம் காரில் ஓட வேண்டியிருந்தது. விற்பவர் எழுபதை நெருங்கும் ஒரு விவசாயி. காதுக்கருவி ஒன்று அவருடைய சட்டைப் பையில் கிடந்தது. கை கொடுத்ததும் அதைத் தொட்டுக் காட்டி, ஜேர்மனில் சொன்னார்:

"இதைப் போட்டால் எல்லாச் சத்தமும் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி வரும். போடாவிட்டால் ஒன்றும் வராது. நீங்கள் என்னைப் பார்த்து, மெதுவாகப் பேசுங்கள்."

கொட்டகைக்கு முன்னால் இயந்திரத்தை வெளியே இழுத்து வைத்திருந்தார். முதலில் நான் பார்த்தது வண்ணத்தை. விற்பதற்காகப் புதிதாக வண்ணம் பூசியிருந்தால் அதன் கீழே ஏதோ மறைகிறது என்று பொருள். இதில் புதிய வண்ணம் எதுவும் இல்லை. பச்சை மங்கி, சில இடங்களில் துருவோடு இருந்தது. சட்டத்தின் மூலையில் வெல்டிங் செய்த ஓர் ஒட்டுவேலைத் தழும்பு தெரிந்தது. நான் விரலை அதில் வைப்பதற்கு முன்பே அவர் சொன்னார்:

"அது நான் ஒட்டியது. நான்கு வருடத்துக்கு முன்பு வேலிக் கட்டையில் அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வெடிக்கவில்லை."

கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். ஒட்டு நேராகவும் ஆழமாகவும் இருந்தது. எங்கள் தொழிற்சாலையில்கூட அதைவிட மோசமானதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

மறைப்புத் துணியைத் தூக்கினேன். அது கிழிந்திருந்தது, அதையும் அவரே சொன்னார். உருளைகளின் அடியில் பெரிய சட்டியின் அடி போல இரும்புத் தட்டுகள் உண்டு. நிலத்தில் வழுக்கிக்கொண்டு போவது அதுதான். தேய்ந்து காகிதமாகியிருக்கும் என்று நம்பித் தட்டிப் பார்த்தேன். தடிப்பாகவே இருந்தது. கத்திகள் ஆறு. ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டினேன். கத்தி சுழன்று கொடுக்க வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆடவில்லை. உருளையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து என் பக்கம் இழுத்தேன், தள்ளினேன். அசைவே இல்லை. உருளைகளைச் சுழற்றும் பட்டிகளில் வெடிப்பு இல்லை. டிராக்டரிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் தண்டின் பிளாஸ்ரிக் உறைகூட முழுதாக இருந்தது. ஏதாவது தடுத்தால் இயந்திரம் தானாகப் பின்னுக்கு மடங்க வேண்டும். என் கணவர் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார், அது மடங்கி, திரும்பவும் தன் இடத்தில் 'டக்' என்று விழுந்தது.

அவர் தோள் கொடுத்ததைப் பார்த்ததும் கைவிளக்கைக் கீழே வைத்துவிட்டு அருகே போனேன். "விடுங்கோ, நான் தள்ளுறன்" என்றேன். அவர் கேட்காதது போல நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு வருடமாக நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

எண்ணெய்த் திருகாணியைக் கழற்றி, கம்பியை விட்டு எடுத்து, ஒரு சொட்டை விரலில் தேய்த்தேன். பால்போல இருந்தால் தண்ணீர் போயிருக்கும். மினுங்கினால் உள்ளே பல் தேய்கிறது. கருகிய மணம் வந்தால் சூடேறியிருக்கிறது. எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு பழைய இயந்திரம் இவ்வளவு நல்லதாக இருப்பதற்கு என்ன உரிமை என்று நினைத்தேன்.

விவசாயி அதைத் தன் டிராக்டரில் பூட்டி ஓட்டிக் காட்டினார். கல் தெறிக்கலாம் என்று எங்களைக் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். சத்தம் ஏறி ஒரே சீராக நின்றது. அவர் நிறுத்தியபோது அந்த இரைச்சல் ஒரு பாட்டு இறங்குவது போலப் படிப்படியாக இறங்கி அடங்கியது. இறங்கும்போதுதான் பிழையான பெயரிங் காட்டிக்கொடுக்கும். இது காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லாத இயந்திரம்.

எஞ்சினை அணைத்துத் தண்டையும் கழற்றிய பிறகு நான் ஸ்குரூட்ரைவரை எடுத்தேன். என் கணவர் உருளையைக் கையால் மெதுவாகச் சுழற்றினார். வலது உருளை. நுனி இரும்பில், பிடி எலும்பில். வழுவழுப்பான, எண்ணெய் தோய்ந்த ஓட்டம். இடது உருளை. அதுவும் அப்படியே.

விவசாயி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐந்து வருடமாக இதன் சத்தத்தை நான் கேட்கவில்லை. என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

என் கணவர் குனிந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் வியர்வை. மே மாதக் காலை, குளிர் இன்னும் இருந்தது. அந்த வியர்வையைத்தான் நான் பார்த்தேன்.

"இடது பக்கம் சத்தம் இருக்கிறது" என்றேன். "பெயரிங் போகப்போகிறது."

வாயிலிருந்து அது எவ்வளவு எளிதாக வந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

"உண்மையாவோ?" என் கணவர் தமிழில் கேட்டார். "சுத்தேக்கை கைக்கு ஒண்டும் தெரியேல்லையே."

"கைக்குத் தெரியாது. காதுக்குத் தெரியுது."

அவர் உருளையிலிருந்து கையை எடுத்தார். என் சொல்லுக்கு மேல் அவர் எப்போதும் கேட்டதில்லை.

விவசாயி இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேரம் பேசுவார், விலையைக் குறைப்பார், அல்லது கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்படியென்றால் இது முடிந்தது. இவ்வளவு பழையதில் பெயரிங் மாற்றுகிற செலவுக்கு இயந்திரத்தின் விலையே போதாது. நாளை இன்னும் இரண்டு பேர் பார்க்க வருவதாக இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வேகத்தில் பெயரிங் உடைந்து கத்தி பறந்தால் ஒரு ஆள் சாகலாம். வியாழக்கிழமை பழைய இரும்பு எடுக்கிறவன் வருவான், அவனிடம் கொடுக்கிறேன்." பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நன்றி. நீங்கள் சொல்லாவிட்டால் தெரியாமலே விற்றிருப்பேன்."

காரில் ஏறினோம். அவர் ஓட்டினார். நான் இடுப்புப் பட்டியைப் போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன். கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன்.

"என்ன, வெக்கையே?" என்றார்.

"இல்லை."

ஒரு பேக்கரியில் நிறுத்தி இரண்டு கோப்பி வாங்கி வந்தார். நான் காருக்கு வெளியே நடந்துகொண்டிருந்தேன். தரிப்பிடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, திரும்பவும். அந்த மனிதர் இந்நேரம் இரண்டு பேருக்கும் தொலைபேசியில் செய்தி எழுதியிருப்பார் என்று நினைத்தேன். கேட்காத காதோடு அவருக்கு எழுதத்தான் முடியும்.

"நல்லகாலம் நீ வந்தாய்" என்று என் கணவர் கோப்பியை நீட்டினார். "நான் தனிய வந்திருந்தா வேண்டிக்கொண்டு போயிருப்பன். போய் எங்கையாவது உடைஞ்சிருக்கும்."

கோப்பியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் காரின் கூரையில் வைத்தேன். அங்கேயே மறந்துவிட்டேன். கார் கிளம்பியதும் அது பின்கண்ணாடியில் வழிந்தது. அவர் பின்கண்ணாடி வைப்பரைப் போட்டார்.

இறக்கத்தில் ஒரு ரயில் கடவை இருந்தது. தடுப்புக் கம்பி விழுந்து சிவப்பு விளக்கு எரிந்தது. ரயில் வரக் காணோம். முன்னால் ஒரு பாரவண்டி, பின்னால் மூன்று கார். அந்த இடத்தில் என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"அதிலை சத்தம் இல்லை" என்றேன்.

"எதிலை?"

"இடது உருளையிலை. ஒரு பிழையும் இல்லை. நான் பொய் சொன்னனான்."

அவர் எஞ்சினை அணைத்தார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்?"

"உங்களைத் திரும்பவும் புல்லுக்கை கிடக்கப் பாக்க எனக்கு ஏலாது." அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. "நீங்கள் கிடந்தனீங்கள், உங்களுக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் கண்டனான். உதடு நீலமாக் கிடந்தது. டிராக்டர் ஓடிக்கொண்டு நிண்டது. நான் உங்களைப் பிடிக்கிறதோ, அதை நிப்பாட்டுறதோ, போன் அடிக்கிறதோ எண்டு தெரியாமல் மூண்டுக்கும் ஓடினனான். இப்பவும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறன்."

ரயில் வந்து போனது. இரண்டே பெட்டி. கம்பி உயர்ந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவர் எஞ்சினைப் போட்டுக் கடவையைத் தாண்டி, முதல் ஒதுக்கில் நிறுத்தினார்.

"பயமெண்டா பயமெண்டு சொல்லியிருக்கலாம். வேண்டவேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம். நான் சண்டை பிடிச்சிருப்பன், பிடிச்சுப்போட்டுக் கேட்டிருப்பன். ஆனா இது..." அவர் கையை உயர்த்தி என் காதைக் காட்டினார். "இதை வைச்சுப் பொய் சொல்லிப்போட்டாயே. இனி நீ நல்லது எண்டு சொன்னா நான் எதை நம்புறது?"

நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த மனுசன் அதைப் பழைய இரும்புக்குக் குடுக்கப்போறார்" என்றேன்.

"தெரியும்" என்றார். காரைத் திருப்பினார்.

நாங்கள் போனபோது விவசாயி கொட்டகை வாசலில் முழங்காலிட்டு இருந்தார். இரும்புக்குப் போவதற்கு முன் கத்திகளையாவது எடுத்து வைக்கலாம் என்று கழற்றத் தொடங்கியிருந்தார். நான்கு கத்திகள் ஒரு பழைய பத்திரிகைத் தாளில் வரிசையாகக் கிடந்தன. எங்களைக் கண்டு எழுந்தார். காதுக்கருவி இன்னும் பையில்தான்.

"நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"என்ன?" கையைக் காதருகே குவித்தார்.

"நான் பொய் சொன்னேன்!"

"எனக்கு விளங்கவில்லை. சத்தமாக."

"பொய் சொன்னேன்! இயந்திரம் நல்லது! நான் பொய் சொன்னேன்!"

பக்கத்து வளவில் கார் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் குழாயை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார். விவசாயிக்கு இந்த முறை கேட்டுவிட்டது. பையிலிருந்து கருவியை எடுத்து, துடைத்து, காதில் வைத்தார்.

"ஏன் என்று சொல்லுங்கள்."

சொன்னேன். என் ஜேர்மன் வேலைத்தல ஜேர்மன். அளவுக்கும் பிழைக்கும் சொற்கள் உண்டு, இதற்கு இல்லை. இதயம், ஸ்டென்ட், பேரி மரம், பயம் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். என் கணவர் பக்கத்தில் நின்றார். உதவிக்கு ஒரு சொல்லும் தரவில்லை, ஆனால் விலகியும் நிற்கவில்லை.

விவசாயி கேட்டு முடித்தார்.

"ஒட்டுவேலையைக் குறை சொல்லியிருக்கலாம். தட்டைக் குறை சொல்லியிருக்கலாம். நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். நீங்கள் சத்தத்தைச் சொன்னீர்கள். எனக்குச் சரிபார்க்க முடியாததைப் பார்த்து எடுத்தீர்கள்."

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஜேர்மனில் சொன்னேன்.

அவர் பத்திரிகைத் தாளைக் காட்டினார். "கத்திகளைத் திரும்பப் போடுங்கள்."

நான் முழங்காலிட்டுப் போட்டேன். நெம்புகோலை அவர் நீட்ட, அழுத்தி, கத்தியின் துளையைக் குமிழில் மாட்டி, விட்டேன். நான்கு தடவை. கையெல்லாம் பழைய புல்லும் கிரீசும். கொட்டகைக்குள் இருந்த குருவி ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அவருக்கு அது தகரத்தில் மழையாகக் கேட்டிருக்கும் போல, கருவியைக் கழற்றிவிட்டார்.

முடிந்ததும் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "உங்களுக்கு விற்கிறேன், இவருக்கல்ல. காகிதத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதுங்கள்."

விலை முதலில் சொன்னதுதான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் கணவரோடு கை குலுக்கினார். என் கை கிரீசாக இருந்தது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்; என்னோடு குலுக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் பேச்சுக் குறைவு. அவர் கோபத்தைச் சத்தமாகக் காட்டுகிறவர் அல்ல. சமைத்ததைச் சாப்பிடுவார், பாத்திரத்தைக் கழுவி வைப்பார், வெளியே போய் இயந்திரத்தின் அருகில் நிற்பார். வாடகைக்கு எடுத்த இழுவைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து அதற்கு கிரீஸ் அடிப்பதும், மறைப்புத் துணியைத் தைப்பதுமாக இருந்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்று அவர் எத்தனை தடவை குனிகிறார் என்று எண்ணினேன். ஒரு நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டு வெளியே போனேன்.

"டிராக்டர் ஓட்டக் காட்டித் தாங்கோ" என்றேன்.

அவர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். "நீயோ?"

"வெட்டுறது நான். நீங்கள் முன்னாலை நடந்து கல்லும் கட்டையும் கிடக்கோ எண்டு பாருங்கோ. காலமை மட்டும்தான். வெயில் ஏற முதல் நிப்பாட்டுறம். ஹோய் கட்டுற நாளிலை கூலிக்கு ஒரு ஆள் வைப்பம்."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை. எனக்குப் பயம்."

அவர் கொஞ்ச நேரம் துணியைத் தைத்தார். பிறகு, "கிளச்சை முழுக்க அமத்த வேணும்; காரிலை மாதிரி அரைவாசி விடக்கூடாது" என்றார். அதுதான் சம்மதம்.

ஜூன் நடுவில் முதல் வெட்டு. விடிந்ததும் இரண்டு பேரும் புல்லுக்குள் இடைவெளி விட்டு நடந்தோம். மான்குட்டிகள் புல்லில் அசையாமல் படுத்திருக்கும், வெட்டுவதற்கு முன் நடந்து பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை, ஒரு முயல் மட்டும் பாய்ந்து ஓடியது. முழங்காலுக்கு மேல் நனைந்துபோய் டிராக்டரில் ஏறினேன். இயந்திரத்தை நிலத்தில் இறக்கி, சுழற்சியைக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் இரண்டு உருளைகளும் உறுமின. புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வரிசையாக விழுந்தது. என் வரிசை நேராக இல்லை. மரத்துக்கு மரம் வளைந்தது. இடையிடையே தலைமயிர் வெட்டாமல் விட்டது போல நீளக் கீற்றுகள் நின்றன. அவர் முன்னால் கைகாட்டிக்கொண்டு நடந்தார். நான் அவருடைய முதுகையும் அவர் போட்ட தொப்பியையும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் திரும்பி இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பதை மறந்து ஒரு எறும்புப் புற்றை மேலோடு சீவிவிட்டேன்.

இப்படி எல்லாம் செய்தும் அந்த முதல் ஹோய் கெட்டுப்போனது. அது என் பிழைதான். வெட்டிய புல் முழுதாகக் காய இன்னும் ஒரு நாள் விட்டிருக்க வேண்டும். "நாளைக்குக் கட்டுவம்" என்று அவர் சொல்ல, "இண்டைக்கே முடிப்பம், இண்டைக்கே முடிப்பம்" என்று நான்தான் நெருக்கினேன். அது நிலத்தில் கிடக்கும்வரை அவரும் நிலத்துக்குப் போய்க்கொண்டிருப்பார் என்ற நினைப்பு. ஈரத்தோடு கட்டிய கட்டுகள் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடித்தன. குதிரை வைத்திருக்கும் ஒரு பெண் தன் பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். அவர் ஒரு கட்டை வெட்டிப் பிரித்து, வெள்ளைத் தூள் பறப்பதைப் பார்த்துவிட்டு, "அடுத்தமுறை நான் சொல்லேக்கை கட்டுவம்" என்றார். "ஓம்" என்றேன்.

ஓகஸ்ட் வெட்டு நன்றாக வந்தது. பச்சை மாறாமல், தேயிலை போல மணந்தது. கடைசிக் கட்டு ஏறும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் இதய வைத்தியரிடம் சந்திப்பு இருந்தது. படம் எடுத்தார்கள், சைக்கிள் மிதிக்க விட்டார்கள். "போன தடவை இருந்தபடியே இருக்கிறது" என்றார் வைத்தியர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வார் என்று நாற்காலியின் நுனியில் இருந்தேன். அவர் அடுத்த நோயாளியின் கோப்பை எடுத்துவிட்டார். வெளியே வந்ததும் என் கணவருக்குப் பசித்தது. ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்றபடியே உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிச் சாப்பிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு அவருடைய தட்டிலிருந்து பாதியை நான் எடுத்துச் சாப்பிட்டேன்.

அந்த விவசாயிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இயந்திரம் நன்றாக ஓடுகிறது, இரண்டு வெட்டும் முடிந்தது, உருளை இரண்டிலும் ஒரு சத்தமும் இல்லை, நீங்கள் ஒட்டிய இடம் அப்படியே இருக்கிறது என்று. மன்னிப்பும் கேட்டேன். பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் ஒரு ஜேர்மன் பெண்ணிடம் கொடுத்துத் திருத்தினேன். பதில் வரவில்லை. ஒரு மாதம் தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தேன். பிறகு ஒரு தடவை.

இந்த வருடமும் நான்தான் வெட்டினேன். வரிசைகள் போன வருடத்தைவிட நேராக விழுந்தன. அவர் முன்னால் நடந்தார். நடுவில் ஒருமுறை நின்று, குனிந்து, நிமிராமல் இருந்தார். நான் கிளச்சை அமத்தி, சுழற்சியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டுக் குதித்து ஓடினேன். சப்பாத்துக்குள் போன கல்லை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றார்.

"ஒண்டும் இல்லை. பயந்துபோனன்."

"சரி" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மற்றச் சப்பாத்தையும் கழற்றித் தட்டினார்.